ஏறாதவங்களுக்கும் அதே டிக்கெட்டு

ஆவூர்ல போயி அன்புச்செல்வி வீடு எதுன்னு கேட்டீங்கன்னா, "எந்த அன்புச்செல்வி, டீச்சரா பூட்டா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. டீச்சர் அன்புச்செல்வி கோயில் தெருவுல இருக்காங்க. பூட்டு அன்புச்செல்விதான் நம்ம ஆளு.

அங்கன்வாடியில ஹெல்பர். வீட்டுக்காரர் ஜெபக்குமார் மஸ்கட்ல வண்டி ஓட்டுறாரு. ஒரே மக, சுடர்விழி. அன்புச்செல்வி வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புறதே ஒரு கூத்து. சாவியத் திருகுவா. பூட்டப் புடிச்சு ஒரு இழுப்பு. விடுவா. மறுபடி ஒரு இழுப்பு, இந்தத் தடவ ஒடம்பு வெயிட்டு மொத்தத்தையும் போட்டு. அப்பறம் உள்ளங்கையால பூட்டு மேல 'டொக்'குன்னு ஒரு தட்டு. முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காதீங்க. தெருமுக்கு வரைக்கும் போவா, மூஞ்சி மாறும், திரும்பி வருவா. இழுப்பு, இழுப்பு, டொக்.

"ஏத்தா, அந்தப் பூட்டுக்கு மட்டும் வாயிருந்துச்சு, போலீசுக்குப் போயிருக்கும்"பா பக்கத்து வீட்டு ராசாத்தி. அங்கன்வாடிப் புள்ளைங்ககிட்ட "ஆயாம்மா மாதிரி செய்யி"ன்னு சொன்னாப் போதும். டிபன் பாக்ஸ் மூடியப் புடிச்சு அம்புட்டும் இழுப்பு, இழுப்பு, டொக்.

இந்தப் பழக்கம் எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு ஊருல பலருக்குத் தெரியும். அன்புச்செல்வி சின்னப் புள்ளையா இருக்கையில, கோயில் தேருக்கு மர ராட்டினம் வந்துருந்துச்சு. இவளும் இவ அக்கா அறிவுமதியும் ஒரே தொட்டியில ஏறுனாங்க. உச்சிக்குப் போறப்ப குறுக்குக் கம்பியோட கொக்கி கழண்டுக்கிச்சு. அக்கா விழுந்துட்டா. இவ தொட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தொண்ட கிழிய கத்திக்கிட்டு மேலயே கெடந்தா. அக்காவுக்கு இன்னைக்கும் எடது கால் சாய்ச்சுத்தான் நட. ராட்டினக்காரன் தலையில அடிச்சுக்கிட்டு, "கொக்கிய மாட்டுனேனே தாயி, மாட்டுனேனே"ன்னு அழுதானாம்.

"மாட்டுனேன்னுதான சொன்னான்? இழுத்துப் பாத்தேன்னு சொன்னானா?" இத அன்புச்செல்வி சொல்லாத ஆளு இல்ல. அதுக்கப்பறம் ராட்டினம் என்ன, ஊஞ்சல்ல கூட உக்காந்ததில்ல. எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் மத்தவங்க ஏறுவாங்க, இவ கீழ செருப்பக் காவல் காப்பா.

இப்பேர்ப்பட்டவகிட்டதான் ராசாத்தி ஒரு சனிக்கெழம சாயங்காலம் போன நீட்டுனா.

"அன்பு, இங்கிட்டு வா. எம்மவன் சேக்காளிகளோட அந்தக் குதூகலம் பார்க்குக்குப் போனான்ல, வீடியோ எடுத்துட்டு வந்துருக்கான். இது யாருன்னு பாரு."

போன்ல ஒரு பெரிய இரும்பு ரயில் பாத. பாம்பு மாதிரி வளஞ்சு நெளிஞ்சு வானத்துக்குப் போகுது. அந்த உச்சியில, ஓரமா ஒட்டிக்கிட்டு, நீலச் சட்டையும் மஞ்சத் தொப்பியும் போட்டு ஒரு உருவம் நடந்து போகுது. குனியுது. எதையோ தட்டுது. கேமராவ கிட்டக்கக் கொண்டு போனா மூஞ்சி தெரியுது.

"மாதாவே!"

கையில இருந்த முறம் கீழ விழுந்து உளுந்து தெருவெல்லாம் ஓடுச்சு. ஏன்னா அது சுடர்விழி மூஞ்சி. அவ அந்தப் பார்க்குல வேல பாக்குறது உண்ம. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஒரு வருசம் வேல கெடைக்காம மொகட்டப் பாத்துக்கிட்டுக் கெடந்த புள்ள. அங்க வேல கெடச்சு, லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வீட்டுக்கு வரும். வந்தா என்ன சொல்லும்? "ஆபீஸ்லம்மா. ஏசி ரூம்லம்மா. கம்ப்யூட்டர்லம்மா." அம்புட்டு 'ம்மா' போட்டு மூணு பொய்.

உடனே மஸ்கட்டுக்குப் போன் போச்சு. ஜெபக்குமார் எப்பப் பேசுனாலும் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் இருக்கும். "ஹலோ... கேக்குதா... நான் இங்கருந்து என்னத்தம்மா சொல்றது... ஹலோ... நீ நேருல போயிப் பாரு. சரிப்படலன்னா கையோட கூட்டிட்டு வந்துரு. நீ சொல்றதுதான் முடிவு... ஹலோ, கேக்குதா?"

"அதெல்லாம் கேட்டுருச்சு"ன்னு வச்சிட்டா. ராசாத்தி பக்கம் திரும்பி, "நாளைக்கிப் பொழுது சாய்றதுக்குள்ள புள்ளையும் பெட்டியுமா வந்து எறங்குறேன். நீ பாரு"ன்னா.

மறுநா காலையில மாதா கோயில்ல ஞாயித்துக்கெழமப் பூசை முடிச்ச கையோட கெளம்புனா. புள்ளைக்குப் புடிக்குமேன்னு புளியோதரையக் கிண்டி சம்படத்துல அமுக்கி எடுத்துக்கிட்டா. கோவம் வேற, சோறு வேற. பூட்டத் திருகி சாவிய எடுக்குறா, தெருமுக்குல இருந்து ராசாத்தி, "ஏய் அன்பு! பஸ்ஸு வந்துருச்சு, ஓடியா, ஓடியா!"ன்னு கத்துறா. எடுத்தா ஓட்டம். செருப்பு ஒண்ணு கழண்டு, அதக் கையில புடிச்சுக்கிட்டு ஏறிட்டா.

விராலிமலையில எறங்கி, மதுர ரோட்டு பஸ்ஸப் புடிச்சு, பார்க்கு வாசல்ல வந்து நிக்கையில வெயில் ஏறிப்போச்சு. வாசலப் பாத்ததுமே அன்புச்செல்வி ரெண்டடி பின்னால வச்சா. ஒரு பெரிய கோமாளி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். அந்த வாய் வழியாத்தான் உள்ள போகணும். ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளக் குரல், சக்கரப் பாகுல முக்கி எடுத்த மாதிரி: "வாங்க... வாங்க... சிரிப்பு உங்களுக்காகக் காத்திருக்கு..."

டிக்கெட் கவுண்டர்ல ஒரு பையன். சட்டையில சந்தோஷ்குமார்னு பேர் குத்தியிருக்கு. மூஞ்சியில மட்டும் சந்தோஷத்தக் காணோம்.

"எத்தன பேர் மேடம்?"

"ஒரு ஆளு. எம்புட்டுப்பா?"

"ஆயிரத்து இருநூறு மேடம்."

அன்புச்செல்வி பின்னால திரும்பிப் பாத்தா. தனக்குப் பின்னால ஒரு குடும்பம் நிக்கிது, அவங்க எல்லாத்துக்கும் சேத்துச் சொல்றான் போலன்னு. "அவுக வேற, நான் வேறப்பா. நான் ஒத்த ஆளு."

"ஒருத்தருக்குத்தான் மேடம் ஆயிரத்து இருநூறு. எல்லா ரைடும் அன்லிமிடெட். எத்தன தடவ வேணா ஏறலாம்."

"ஆத்தாடி! நான் எதுலயும் ஏற மாட்டேன்ப்பா. சும்மா உள்ள போயி ஒரு ஆளப் பாத்துட்டு வாரேன். ஏறாதவங்களுக்கு என்ன ரேட்டு?"

"ஏறுனாலும் ஏறலன்னாலும் ஒரே ரேட்டுதான் மேடம்."

"அதெப்படிப்பா? பஸ்ஸுல ஏறாதவன்கிட்ட கண்டக்டர் வந்து டிக்கெட்டு கேப்பாரா?"

"பஸ்ஸுக்குள்ள வந்துட்டா கேப்பாருல்ல மேடம், உக்காந்தாலும் நின்னாலும்?"

அன்புச்செல்விக்கு இது சரியாப் படல. "நின்னா சரி, நிக்கிறவனும் ஊருக்குப் போயிச் சேருறான்ல? நான் எங்க போறேன்? மரத்தடியில உக்காந்துருப்பேன். மரத்துக்கு வாடகையா இது?"

"கல்யாண வீட்டுல சாப்புடாம வந்தாலும் மொய் வச்சிட்டுத்தான மேடம் வர்றீங்க?"

பின்னால நின்ன குடும்பமே சிரிச்சிருச்சு. அந்தப் பையன் சிரிக்கல. மெஷின் மாதிரி, அடுத்து என்னன்னு பாக்குறான். அன்புச்செல்வி கடைசி ஆயுதத்த எடுத்தா. "எம்மக இங்கதாம்ப்பா வேல பாக்குது."

"அப்படியா? பேரச் சொல்லுங்க மேடம், போன் போட்டு வெளிய வரச் சொல்றேன். டிக்கெட்டே வேணாம்."

அங்கதான் மாட்டிக்கிட்டா. வெளிய வரச் சொன்னா புள்ள நெத்தி வேர்வையத் தொடச்சிட்டு, தலையச் சீவிட்டு, 'ஆபீஸ்லம்மா'ன்னு வந்து நிக்கும். கையும் களவுமா பாக்கணும்னா உள்ளதான் போகணும். ஒரு வாரத்துக் காய்கறி, பால், கேஸுக்கு எடுத்து வச்சது எல்லாத்தையும் மனசுல ஒருக்க நெனச்சுப் பாத்துட்டு, முந்தான முடிச்ச அவுத்தா.

"உள்ள எனக்கு ஒரு நாக்காலியாவது போடுவீகளா?"

"பெஞ்சு இருக்கு மேடம்."

கையில ஒரு பச்சக் காகிதப் பட்டைய ஒட்டி விட்டாங்க. இழுத்துப் பாத்தா. வரல. அதுவரைக்கும் நிம்மதி. ரெண்டடி போறா, செக்யூரிட்டி அம்மா பையத் தொழாவுது.

"என்னக்கா இது?"

"புளியோதர."

"வெளிச் சாப்பாடு உள்ள போகாதுக்கா. இங்கயே வச்சிட்டுப் போங்க. போறப்ப வாங்கிக்கங்க."

"எம்மகளுக்குக் கொண்டாந்தது!"

"தண்ணி பாட்டிலும்தான்க்கா."

"தண்ணியுமா? நாக்க மட்டும் கொண்டு போலாமா, இல்ல அதையும் இங்கிட்டே கழட்டி வைக்கணுமா?"

கோமாளி வாய்க்குள்ள நொழஞ்சா. உள்ள அவ பாத்தத அவளால நம்ப முடியல. நரச்ச தலையோட, பேங்க்குல மேனேஜரா இருக்க வேண்டிய மாதிரி ஒரு ஆளு, டவுசரோட தண்ணிச் சறுக்குல தலகீழா வந்து விழுந்து, "இன்னொருக்க, இன்னொருக்க!"ன்னு படியேறி ஓடுறாரு. தலைக்கு மேல ஒரு பெரிய கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. அதுல இருக்குறவங்க அம்புட்டுப் பேரும் சாவு விழுந்த வீடு மாதிரி கத்துறாங்க. எறங்கி வந்து சிரிக்கிறாங்க. "காசு குடுத்து அழுகுறாகளே"ன்னு அன்புச்செல்வி வாயப் பொத்திக்கிட்டு நின்னா.

அந்த இரும்பு ரயிலு எங்க இருக்குன்னு தேட வேண்டிய வேல இல்ல. எங்கிட்டுப் பாத்தாலும் அதுதான் தெரியுது. அது அடியில ஒரு வேலி, வேலியோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சுல ஒரு பெரியவர், தன்னைச் சுத்தி பை, துண்டு, செருப்பு, கண்ணாடிக் கூடு எல்லாத்தையும் குமிச்சு வச்சு, நடுவுல சந்தைக் கட மாதிரி உக்காந்துருந்தாரு. அன்புச்செல்விக்குத் தன் சாதி சனத்தப் பாத்த மாதிரி இருந்துச்சு.

"அண்ணே, நீங்களும் ஏறலயா?"

"நான் எங்கம்மா ஏறுறது? நான் இந்தக் குடும்பத்தோட லாக்கரு"ன்னாரு. மூக்கால பேசுற குரல். பேரு ஆத்மநாதன். திருக்கோகர்ணம். கூட்டுறவு சொசைட்டியில இருந்து ரிட்டையர் ஆனவரு. "இங்க சாமான் வைக்கிற லாக்கருக்கு நூறு ரூவா கேக்குறானாம். அநியாயம்னு எம்மவன் என்னக் கூட்டிட்டு வந்துட்டான். எனக்கு டிக்கெட்டு ஆயிரத்து இருநூறு. கணக்குப் பாத்துக்கம்மா."

"நீங்க எதுவும் சொல்லலயா?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். ஆனா அங்கிட்டுப் பாரும்மா." விரல நீட்டுனாரு. இரும்பு ரயிலு உச்சியில இருந்து 'ஊஊஊ'ன்னு எறங்குது. முன் சீட்டுல ஒரு அம்மா, நெத்தி நெறயக் குங்குமம், ரெண்டு கையும் தூக்கிக்கிட்டு, "ஏஏஏய்ய்ய்!"ன்னு ஒரு கத்து. "அது என் சம்சாரம், பிரகதாம்பாள். இத்தன வருசமா வீட்டுல 'காப்பி ஆறுது'ங்குறதக் கூட ரகசியம் மாதிரித்தான் சொல்லும். இந்தச் சத்தத்த எங்க வச்சிருந்துச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. காலையில இருந்து ஆடிப்போயி உக்காந்துருக்கேன். மேல ஏறியிருந்தா இதப் பாத்துருப்பேனா? நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் போயிருப்பேன்."

அன்புச்செல்விக்கு அந்தப் பேச்சுல மனசு நிக்கல. கண்ணு பூரா அந்த உச்சியிலதான். நீலச் சட்ட எதுவும் மேல இல்ல. "அண்ணே, இதுல வேல பாக்குற பொம்பளப் புள்ள..."

"ஓ, இழுத்துப் பாக்குற புள்ளையா?"

"என்னது?"

"அந்தா, ஏறுற எடத்துல நிக்கிது பாருங்க. அது டூட்டியில இருந்தா கியூ நகராதுன்னு எம்மருமக பொலம்புறா. ஒவ்வொரு ஆளோட கம்பியையும் ஒருக்கா இல்ல, ரெண்டு தரம் இழுக்குது. எனக்கென்னமோ அது டூட்டியில இருக்கப்பத்தான் நிம்மதியா உக்கார முடியுது."

வேலிக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு அன்புச்செல்வி எட்டிப் பாத்தா.

சுடர்விழிதான். நீலச் சட்டை, தூக்கிக் கட்டுன முடி, வெயில்ல கறுத்துப் போன மூஞ்சி. ரயிலு வந்து நிக்கிது. சனம் ஏறி உக்காருது. ஒவ்வொருத்தர் மடி மேலயும் ஒரு இரும்புக் கம்பி எறங்குது. சுடர்விழி மொத சீட்டுக்கு வாரா. கம்பியப் புடிச்சு ஒரு இழுப்பு. விடுறா. மறுபடி ஒரு இழுப்பு, ஒடம்பு வெயிட்டு மொத்தத்தையும் போட்டு. அப்பறம் உள்ளங்கையால கம்பி மேல...

டொக்.

அன்புச்செல்வி தன் உள்ளங்கையத் திருப்பிப் பாத்துக்கிட்டா. தன்னோட கையக் கொண்டு போயி அங்க ஒட்ட வச்ச மாதிரி இருக்கு. ரெண்டாவது சீட்டு. இழுப்பு, இழுப்பு, டொக். மூணாவது. எல்லாத்தையும் முடிச்சு ரெண்டடி நடந்தவ, மூஞ்சி மாறி, திரும்பி வந்து மொத சீட்ட இன்னொருக்க இழுத்தா.

"தெருமுக்குல இருந்து திரும்பி வாராளே!"ன்னு அன்புச்செல்வி வாய்விட்டுச் சொல்லிட்டா. ஆத்மநாதனுக்கு ஒண்ணும் வெளங்கல.

ரயிலு போச்சு, வந்துச்சு. போச்சு, வந்துச்சு. இவ நகரவே இல்ல. உள்ள போயி கையப் புடிச்சு இழுத்துட்டு வரணும்னு வந்தவளுக்கு, அடுத்த ரயில மட்டும் பாத்துட்டுப் போலாம்னு தோணிக்கிட்டே இருந்துச்சு.

அப்பத்தான் அது நடந்துச்சு. காலேஜ் பையனுங்க ஒரு கும்பலா வந்து ஏறுனாங்க. கடைசி சீட்டுல ஒருத்தன், கூலிங் கிளாஸ், கொண்ட. கம்பி எறங்குச்சு. சுடர்விழி வந்து இழுத்தா. விட்டா. மறுபடி இழுத்தா. தட்டல. கை கம்பி மேலயே நிக்கிது.

"எந்திரிங்க."

"ஏன்? லாக் ஆயிருச்சுல்ல?"

"எந்திரிங்கண்ணே. ஒருக்கா பாக்கணும்."

அவன் எந்திரிக்கல. இவ கைய மேல தூக்கிக் காட்டவும், ஒரு மணி அடிச்சு, எல்லாக் கம்பியும் தூக்கிக்கிச்சு. கியூவுல நின்னவங்க பொங்கிட்டாங்க. ஒரு குண்டு ஆளு, கட்டத் தொண்ட: "ஏம்மா, காசு குடுத்து வெயில்ல காயுறதுக்கா வந்தோம்?" ஒரு கீச்சுக் குரல்: "எப்பப் பாரு இதே வேல இந்தப் பொண்ணுக்கு!" கொண்டக்காரன் பெரிய நடிகன் மாதிரி கைய விரிச்சு, "எத்தன வாட்டி இழுப்ப? இது என்ன ஒங்க வீட்டுப் பூட்டா?"ன்னான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. வசந்தகுமார்னு பேரு. "என்ன சுடர், எல்லாக் கம்பியும் மாட்டிருச்சுன்னு பச்ச லைட்டு காட்டுதே?"

"பச்சதான் சார் காட்டுது. கைக்குச் சரியாப் படல சார்."

"கைக்குப் படலயா? கியூவப் பாத்தியா? இப்படி ஒவ்வொண்ணுக்கும் நிறுத்துனா..."

"ஆமாய்யா! எங்க வீட்டுப் பூட்டுதான்!"

எங்கிட்டிருந்தோ ஒரு சத்தம். அது தன்னோட சத்தம்னு அன்புச்செல்விக்கே ரெண்டு நொடி கழிச்சுத்தான் தெரிஞ்சிச்சு. வேலிக்கு மேல பாதி ஒடம்பு ஏறிக் கெடக்கா. "எங்க வீட்டுல அப்படித்தான் இழுப்போம்! நீ எந்திரிச்சுக் காட்டுறா மொதல்ல! மாட்டுனேன் மாட்டுனேன்னு சொன்னவன நம்பி ஒருத்தி கால் போயிக் கெடக்கா!"

சுடர்விழி திரும்புனா. அந்த மூஞ்சியப் பாக்கணுமே. வானத்துலயே நடந்துட்டு வார புள்ள, தரையில நின்னு நடுங்குது.

"அ... அம்மா?"

எல்லாரும் வேலியப் பாக்குறாங்க. அந்த நேரத்துல கொண்டக்காரன் எந்திரிச்சான், வேற வழி இல்லாம. எந்திரிக்கவும் அவன் மடியில இருந்து ஒண்ணு பொத்துன்னு விழுந்துச்சு. சுருட்டி வச்ச ஈரத் துண்டு, ஒரு தலகாணித் தண்டிக்கு. சட்டைக்கு அடியில சொருகியிருக்கான். கம்பி அவன் மேல எறங்கல, துண்டு மேல எறங்கியிருக்கு. மேல போனதும் துண்ட உருவிப் போட்டுட்டு, கம்பிக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு ரீல்ஸ் எடுக்கலாம்னு பிளான். கூட்டாளி கையில போன் ரெடியா இருந்துச்சு.

ஸ்பீக்கர் மட்டும், "சிரிப்பு உங்களுக்காகக் காத்திருக்கு"ங்குது. கட்டத் தொண்டக்காரர் தன் மகனப் பின்னால இழுத்து அணைச்சுக்கிட்டாரு. வசந்தகுமார் அந்தத் துண்டக் குனிஞ்சு எடுத்தாரு, பிழிஞ்சாரு, ஏன் பிழியுறோம்னு அவருக்கே தெரியல. அப்பறம் கொண்டக்காரனப் பாத்து, "வெளிய போ"ன்னாரு, ரொம்ப மெதுவா. அன்புச்செல்வி வேலிய விட்டு எறங்கி, திரும்பிக் கூடப் பாக்காம, பெஞ்சுல ஆத்மநாதனோட பைகளுக்கு மேல உக்காந்துட்டா.

"பிரகதா மூக்குக் கண்ணாடிம்மா!"ன்னாரு அவரு. அது போயிருச்சு.

சாப்பாட்டு நேரத்துல சுடர்விழி அம்மாவக் கூட்டிட்டு வாசலுக்குப் போயி, செக்யூரிட்டியம்மாகிட்ட சொல்லி சம்படத்த வாங்கி, ஸ்டாஃப் ரூமுல வச்சுப் பிரிச்சா. மொதல்ல புளியோதரதான் எறங்குச்சு.

"ஆபீஸ்லம்மா"ன்னா அன்புச்செல்வி, மக குரலயே அச்சு அசலாப் போட்டு. "ஏசி ரூம்லம்மா. கம்ப்யூட்டர்லம்மா."

"அம்மா, உண்மையச் சொன்னா விட்டுருப்பியா? கெணத்த எட்டிப் பாத்தாலே ஜடையப் புடிச்சு இழுக்குற ஆளு நீ."

"அந்த உசரத்துல என்னடி வேல ஒனக்கு?"

"காலையில ரயிலு ஓடுறதுக்கு முன்னால பாத மேல நடந்து ஒவ்வொரு போல்ட்டா பாக்கணும்மா. இடுப்புல பெல்ட்டு மாட்டித்தான் போவோம்."

"யாரு மாட்டுறா?"

"நான்தான்."

"இழுத்துப் பாக்குறியா?"

சுடர்விழி சோத்த வாயில வச்சிட்டு அம்மாவ ஒரு பார்வ பாத்தா. "பின்ன? மேல போற வழியில பாதிக்கு நின்னு மறுபடியும் ஒருக்கா இழுப்பேன். வசந்தகுமார் சாருக்கு அதுல ஒரே எரிச்சல். ஒனக்கு வியாதியான்னு கேட்டாரு ஒருநா. எங்கம்மாவுக்கும் இருக்கு சார்னேன்."

அன்புச்செல்விக்குச் சிரிக்கிறதா அடிக்கிறதான்னு தெரியல. ஆனா பயம் அப்படியேதான் கெடக்கு. அந்த வீடியோவுல புள்ள குனியுற எடம் கண்ண விட்டுப் போகல. அது போகவும் போகாது.

"சரி, நீ கூட்டிட்டுப் போகத்தான வந்த?" சுடர்விழி கையக் கழுவிட்டு வந்து நின்னா. "அப்பாவும் நீ சொல்றதுதான்னு சொல்லிட்டாராமே, இப்பத்தான் போன் பண்ணுனாரு. பெட்டிய எடுத்துட்டு வரவாம்மா?"

அன்புச்செல்வி சம்படத்த மூடுனா. இழுத்துப் பாத்தா. தட்டுனா.

"நீ பெட்டிய எடுத்துட்டு வந்துட்டா, மத்தியானத்துக்கு மேல கம்பிய யாரு இழுக்குறது? அந்தப் பச்ச லைட்டா?"

"அம்மா..."

"அந்தண்ணன் சம்சாரம் இன்னும் மூணு தரம் ஏறுமாம். போ, டூட்டியப் பாரு. நான் வேலியோரம் நிக்கிறேன். முழு டிக்கெட்டு எடுத்துருக்கேன்ல, சாத்துற வரைக்கும் நிப்பேன்."

நின்னா. மஸ்கட்டுக்குப் போன் போட்டு, "வானத்துலதான் நடக்குறாளாம். நடக்கட்டும். ஹலோ, கேக்குதா?"ன்னு ஒரே மூச்சுல சொல்லி வச்சிட்டு, மறுபடி நின்னா.

ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுல, மாத்தூர் ரோடு திரும்பையில, திடுக்குன்னு எந்திரிச்சுட்டா. கண்டக்டரே பயந்துட்டாரு. "என்னம்மா, ஸ்டாப்ப விட்டுட்டீங்களா?"

"காலையில பூட்ட இழுத்துப் பாக்கலய்யா!"

ஆவூர்ல எறங்கி ஓடுன ஓட்டத்துல கோயில் வாசல்ல படுத்திருந்த நாயெல்லாம் எந்திரிச்சு வழி விட்டுச்சு. வீட்டு வாசல்ல ராசாத்தி உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டுருந்தா.

"எங்கத்தா புள்ளையும் பெட்டியும்?"

"பூட்டு! பூட்டு என்ன ஆச்சு?"

"ஓடுறப்பவே பாத்தேன், நீ இழுக்காமப் போறத. எனக்கே திக்குன்னுச்சு. வந்து இழுத்தா, கையோட வந்துருச்சுத்தா. சரியாவே விழல. அமுக்கிப் பூட்டி, ரெண்டு இழுப்பு இழுத்து, ஒன்ன மாதிரியே ஒரு தட்டும் தட்டிட்டேன். அப்பறமும் மனசு கேக்கல, இங்கயே உக்காந்துட்டேன்."

அன்புச்செல்வி வெங்காயத் தோலு மேலயே பொத்துன்னு உக்காந்தா. ஒரே நாளுல எத்தனதான் தாங்குவா?

"புள்ள அங்கயே இருக்கட்டும் ராசாத்தி. நல்லா இருக்கா. கம்பிய நம்மள மாதிரித்தான் இழுக்குறா."

"சரி விடு. டிக்கெட்டு எம்புட்டு?"

சொன்னா. ராசாத்தி கையில இருந்த வெங்காயம் உருண்டு போச்சு.

"ஆயிரத்து இருநூறா! எதுல ஏறுன?"

"எதுலயும் ஏறல."

"ஏறாமயா? அடிப்பாவி, சும்மா நிக்கிறதுக்கா?"

"நிக்கிறதுக்குத்தான். அடுத்த மாசம் நீயும் வாத்தா. நீ ஏறு. எம்மக இழுத்துப் பாப்பா. நான் கீழ நிக்கிறேன்."

"நீ மறுபடியும் ஆயிரத்து இருநூறு குடுத்து, மறுபடியும் நிப்பியா?"

அன்புச்செல்வி எந்திரிச்சு, பூட்டப் புடிச்சு ஒருக்க இழுத்துப் பாத்துட்டு, அப்பறம்தான் சாவியப் போட்டா.

"பின்ன? ஒன்னய மேல அனுப்பிட்டு நான் வீட்டுலயா இருப்பேன்?"